இலையைப் பிடித்த கை

இன்னும் கொஞ்ச நேரம்தான், வந்துவிடும் என்று தவசிலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடிந்ததிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொந்த வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, வெளிப்புறமாக, யாரோ வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன காலி மனையில், எருக்கஞ்செடிக்கு எதிரே சாக்கை விரித்துக் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். கழுத்தில் கேமரா. எதிரே இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்குகிறது ஒரு கூட்டுப்புழு. நிலக்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும். இளம்பச்சை நிறம், இடுப்பில் பொன்மணி கோத்த மாதிரி ஒரு வளையம். நேற்று சாயங்காலம் அதன் மேல் கருமை தட்டியிருந்ததைப் பார்த்தார். உள்ளே இறக்கை முற்றிவிட்டது, அதுதான் தோல் வழியாகத் தெரிகிறது என்று முடிவுகட்டி, 'நம்மூர்ப் பூச்சிகள்' வாட்ஸ்அப் குழுவில், 'நாளைக் காலை வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி வெளிவருகிறது, அன்பர்கள் காத்திருக்கவும்' என்று கும்பாபிஷேக நோட்டீஸ் கணக்காகப் போட்டும்விட்டார். அன்பர்கள் கைகூப்பிய படங்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். இதுதான் வரக் காணோம். "இன்னைக்குப் பாத்துத்தானா அது பொறக்கணும்?" என்று மனைவி பேச்சியம்மாள் கேட்டாள், அவர் கேமராவை எடுத்தபோது. அவள் அதிரசத்துக்குப் பாகு வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி முதல் ஆடிக்குத் தாய்வீடு வந்த மகள் நித்யகலாவை இன்றைக்குத்தான் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போகிறார். ஆவணி பிறந்துவிட்டது, நாளைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமையில் பெண்ணை வாசல் தாண்டி அனுப்பக்கூடாது, அதனால் இன்றைக்கே. "அவுக வர்றதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் நழுவினார். பூச்சியா அவரைக் கூப்பிட்டது? வீடுதான் துரத்தியது. அதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கட்டெறும்பு ஒன்று வேட்டிக்குள் ஏறப் பார்த்தது, மெதுவாகத் தட்டிவிட்டார். அசையக்கூடாது. இந்தக் கலையில் முதல் பாடமே அதுதான். மின்வாரியத்தில் இருந்தவரைக்கும் கம்பத்தையும் கம்பியையும் அண்ணாந்து பார்த்தே காலம் போனது. காலுக்குக் கீழே இருந்ததெல்லாம் அவருக்கு இரண்டே ஜாதி, ஒன்று செடி, இன்னொன்று பூச்சி. ஓய்வு பெற்றபின் கேமரா வாங்கி, அதற்கொரு மேக்ரோ லென்ஸும் வாங்கி, கண்ணை வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் இந்தக் காலி மனைக்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்றே தெரிந்தது. தும்பையில் ஒருத்தர், குப்பைமேனியில் ஒருத்தர், ஆவாரையில் மஞ்சள் இறக்கைக்காரர் ஒருத்தர். எருக்கிலை வெட்டுக்கிளி ஒன்று, கல்யாண வீட்டு ரேடியோ செட்காரன் சட்டை மாதிரி நீலமும் மஞ்சளுமாக. கையைக் கூப்பி நிற்கும் கும்பிடுபூச்சி, கும்பிட்டபடியே தேனீயின் தலையைக் கடித்துத் தின்றதைப் பார்த்து அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வெந்தய வரியன் எருக்கிலையில்தான் முட்டை வைக்கும், எருக்கம்பாலில் இருக்கும் விஷத்தைப் புழு தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்ளும், அதனால் பறவை தொடாது, இலையைத் தின்னும் முன் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு விட்டுத்தான் தின்னும். எவ்வளவு சாமர்த்தியம். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். பேச்சியம்மாள் 'ம்' கொட்டுவாள். கலாதான் கேட்பாள், சின்ன வயதிலிருந்தே அவள்தான் கேட்பாள், சோற்றைப் பிசைந்தபடியே கண்ணை எடுக்காமல் கேட்பாள். ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தவள், "கண்டிப்பா போகணுமாப்பா?" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. "இதென்ன கேள்வி? ஆடிக்கு வந்த பிள்ளை ஆவணியில போகாம?" என்று சிரித்தார். பிறகு ரசம் ஊற்றச் சொன்னார்.

சரி, கருமை கொஞ்சம் கூடியிருக்கிறதா? கேமராவைக் கண்ணில் வைத்தார். கூடியிருக்கிறது. ஆனால் ஒரு பக்கமாகத்தான், திட்டுத்திட்டாக. இறக்கை தெரிவதென்றால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆரஞ்சும் கறுப்புமாகத் தெரியவேண்டும், இல்லையா? வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வருகிறது, அதனால் அப்படி இருக்கும். வெளிச்சத்தின் மேல் பழியைப் போடுவது அவருக்கு இப்போது பழகிவிட்டது. அன்றைக்கும் வெளிச்சம்தான் என்று சொல்லிக்கொண்டார். வேண்டாம், அது வேண்டாம். காற்றில் இலை ஆடுகிறது, அன்றைக்கும் ஆடியது. இதே புழு, அப்போது கூடு கட்டவில்லை, கோடு கோடாகக் கொழுத்துப்போய் இலை விளிம்பை மேய்ந்துகொண்டிருந்தது, குவியம் நிற்கவே இல்லை, அவர் எரிச்சலில் முணுமுணுத்தார். காப்பி டம்ளரோடு வந்த கலா, டம்ளரைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "நான் பிடிக்கவாப்பா?" என்றாள். ஆள் வைத்து இலையைப் பிடிப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், விரல் படத்துக்குள் வராமல் பிடிக்கவேண்டும், அவ்வளவே. கலா பிடித்தாள். வெயில் கொளுத்துகிற நாளிலும் முழங்கை மறைக்கிற சுடிதார்தான் போடுவாள், 'அங்க ஏசிலயே இருந்து பழகிருச்சுப்பா' என்பாள், அன்றைக்குக் கையை நீட்டியபோது துணி மேலே ஏறிக்கொண்டது. வ்யூஃபைண்டருக்குள் முதலில் புழு வந்தது. பிறகு கட்டைவிரல் வந்தது, நகம் கறுத்துச் செத்திருந்தது. பிறகு மணிக்கட்டின் உள்பக்கம். வட்டம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. விளிம்பு தடித்து, நடுவே குழிந்து, பழையவை பழுப்பாகவும் ஒன்று மட்டும் இளஞ்சிவப்பாகவும். எண்ணெய் தெறித்திருக்கும் என்று நினைத்தார். எண்ணெய் தெறித்தால் சிதறும், ஒரே அளவில் வட்டம் போடாது. குக்கர் ஆவியாக இருக்கும். ஆவி பட்டால் தோல் உரியும். பூச்சிக்கடி. எந்தப் பூச்சி, தவசிலிங்கம், நீதான் எல்லாப் பூச்சியையும் படிக்கிறாயே, எந்தப் பூச்சி அப்படிக் கடிக்கும்? கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றதும், இவரைக் கண்டதும் பதறி முதுகுக்குப் பின்னால் மறைத்ததும், மரியாதை தெரிந்த பிள்ளை என்று அதை இவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் ஞாபகம் வந்தது. "பிடிச்சாச்சாப்பா?" என்றாள் கலா. "அசையாம இரு" என்றார். பொத்தானை அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார், எதற்கென்று தெரியாமல். வீட்டுக்குள் போய்க் கணினியில் போட்டு, படத்தின் இடது ஓரம் பாரமாக இருக்கிறது, பார்ப்பவர் கண் புழுவின் மேல் நிற்காது என்று சொல்லிக்கொண்டு, அந்தக் கையை மொத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, புழுவை மட்டும் குழுவில் போட்டார். குழுவை நடத்தும் விலங்கியல் பேராசிரியை 'கச்சிதமான சட்டகம், சார்' என்று எழுதினார். அதற்கப்புறம் விடிந்தால் காலி மனை, பொழுது சாய்ந்தால் மாடி அறை.

சுவருக்கு அந்தப்பக்கம் வாளியை வைக்கும் சத்தம் கேட்டது. துணி துவைக்கும் கல் இருப்பது சரியாக அவர் தலைக்கு நேரே, ஒற்றைக் கல் சுவர்தான் நடுவில். குழாய் திறந்தது, மூடியது. பேச்சியம்மாளின் குரல். "ஈரத்தோட எதுக்குத்தா எடுத்து வைக்கிற, காயட்டும், அடுத்த மாசம் அப்பா கொண்டாந்து குடுப்பாக." கலா ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. அவர் எழுந்து ஒரு கனைப்புக் கனைத்திருக்க வேண்டும். அதற்குரிய நேரம் அதுதான். புழுவுக்காக மூச்சை அடக்கிப் பழகிய மனிதர், அடக்கிக்கொண்டே இருந்துவிட்டார்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருத்தா. நான் சொன்னா எரிஞ்சு விழுகுறாக. நீ சொன்னா கேப்பாக."

"அப்பாவுக்குத் தெரியும்மா."

"என்னத்தத் தெரியும்? நீ சொன்னியா?"

"வாயால சொல்லல. அன்னைக்கு எலையப் பிடிச்சேன்ல, வேணும்னேதான் இந்தக் கையால பிடிச்சேன். அப்பா எதையும் பெருசாக்கித்தான பாப்பாரு. எறும்பு காலுல முடி இருக்குன்னு கண்டுபிடிக்கிறவரு. இதையும் பாப்பாரு, பாத்துட்டுக் கேப்பாருன்னு நெனச்சேன்."

"பாத்தாகளா?"

"பாத்தாரும்மா. படத்துல என் கையை மட்டும் வெட்டிட்டாரு."

குழாய் மறுபடி திறந்தது. யார் திறந்தது என்று தெரியவில்லை. தண்ணீர் வாளியில் விழுந்து, வாளி நிறைந்து, கல்லில் வழிந்து, சுவரின் அடியிலிருந்த துவாரம் வழியாக இந்தப்பக்கம் வந்து, அவருடைய சாக்கை நனைத்தது. அவர் நகரவில்லை. நகர்ந்தால் சரசரக்கும், சரசரத்தால் எட்டிப் பார்ப்பார்கள், எட்டிப் பார்த்தால் அவர் கேட்டுவிட்டார் என்று தெரியும், தெரிந்துவிட்டால் ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்தாலும் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் விட்டது. ஏதாவது என்றால் என்ன? போகவேண்டாம் என்று சொல்வதா? தையில் கல்யாணம், ஆவணியில் பிரிவா? மதுரை ரோட்டு மண்டபத்தில் ஊரையே கூட்டி இலை போட்டோமே, அந்த ஊர் முழுக்க வந்து துக்கம் விசாரிக்குமே. பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று முதலில் சொல்லப்போவது அவருடைய தம்பி பொண்டாட்டிதான், அவள் வாயை யார் மூடுவது? ஒருவேளை கலா மிகைப்படுத்துகிறாளோ? கேட்டது அவர் காதுதான், காதை நம்பமுடியுமா? கண்ணை? கண்ணை நம்பித்தானே இத்தனை நாளும் பிழைப்பு நடக்கிறது. புதுசில் எல்லா வீட்டிலும் உரசல் இருக்கும், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். பிள்ளையா? அந்த வீட்டிலா? தனக்குள் இருக்கும் இந்த மனிதன் இவ்வளவு கோழையா? ஆமாம், கோழைதான். கோழைக்குக் கேமரா ரொம்ப வசதி. முகத்தை மறைத்துக்கொள்ளலாம், ஒரு கண்ணை மூடிக்கொள்ளலாம், கேட்டால் கலை என்று சொல்லலாம்.

கூட்டுப்புழு அசைந்தது. பழக்கதோஷம், கேமரா தானாகக் கண்ணுக்குப் போயிற்று. குவியம் நிற்காமல் பச்சையும் கறுப்பும் கலங்கித் தெரிந்தது. மூச்சைப் பிடித்தார். கருமை தட்டியிருந்த இடத்தில் தோல் பிரிந்தது. ஓரமாக, ஊசி குத்தின மாதிரி சின்னதாக ஒரு பொத்தல். அது வழியாக வெள்ளையாக, ஈரமாக ஒன்று நெளிந்து வந்தது. சோற்றுப் பருக்கை அளவு. கால் இல்லை, இறக்கை இல்லை, முகம் இல்லை. பிசின் நூல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடிக் கீழே இறங்கி மண்ணுக்குள் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. பொன்மணி வளையம் மட்டும் அப்படியே வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவருக்கு உடனே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை, இவ்வளவு படித்ததில் இதையும் படித்திருந்தார். ஒரு ஈ. இந்தப் புழு வளர்ந்துகொண்டிருந்தபோதே அந்த ஈ வந்து முட்டை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. அதன் குஞ்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு உயிர்நிலையைத் தொடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். புழுவும் ஒன்றும் நடக்காத மாதிரி மேயும், பெரிதாகும், தோலுரிக்கும், நாள் வந்ததும் எல்லாப் புழுவும் போல அழகாகக் கூடும் கட்டும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. இல்லை, தெரியும். அந்தக் கரும் திட்டு நேற்றே சொன்னது. இறக்கை என்று இவர்தான் பெயர் வைத்துக்கொண்டார். அந்த ஈயையும் போன வாரம் இதே இலையில் படம் பிடித்தார். சாம்பல் நிறம், முதுகெல்லாம் முள் மாதிரி முடி. வீட்டு ஈதானே என்று அழித்துவிட்டார். தனக்கு அழகாகப் படாததையெல்லாம் அழித்துக்கொண்டே வந்த ஒரு மனிதர் பூச்சிகளைப் பற்றிக் கற்றுக்கொண்டாராம். எழுந்திரு, என்று சொன்னார். உடம்பு கேட்கவில்லை.

தெருமுனையில் காரின் ஹாரன் கேட்டது. கதவுகள் திறந்து மூடின. "வாங்க, வாங்க சம்பந்தியம்மா" என்று பேச்சியம்மாள் வாசலுக்கு ஓடினாள், அந்தக் குரலில் அவள் பூசிக்கொண்ட சந்தோஷத்தைக் கேட்க அவருக்குத் தாங்கவில்லை. "மாமா எங்க அத்தை?" அது மாப்பிள்ளை. நல்ல கனமான, பதமான குரல், யாரையும் கடிந்து பேசியறியாத குரல். "இங்கதான் பின்னால, பூச்சி பிடிக்கப் போயிருக்காக" என்றதும் சம்பந்தியம்மா சிரித்தாள். காப்பி வேண்டாம், பலகாரம் போதும், ராகுகாலத்துக்கு முன்னால் ஊர் எல்லையைத் தாண்டிவிட வேண்டும் என்றார்கள். பெட்டியின் சக்கரம் முற்றத்துத் தளத்தில் கடகடவென்று உருளும் சத்தம் கேட்டது. அது நிற்காமல் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கலா அழவில்லை. அழுதிருந்தால் அவர் எழுந்திருப்பாரோ என்னவோ, அவள் அழாமல் நடந்ததுதான் அவரை உலுக்கியது. இரண்டு கையையும் தரையில் ஊன்றினார். கால் மரத்துப்போயிருந்தது, இடுப்புக்குக் கீழே யாருடைய உடம்போ. பாதி எழுந்தார், முட்டி மடங்கியது, எருக்கஞ்செடியைப் பற்றினார், அது வேரோடு சாய்ந்தது, கேமரா சுவரில் மோதி லென்ஸ் உடைந்து தெறித்தது, அவர் மல்லாக்க விழுந்தார். "என்னங்க!" என்று பேச்சியம்மாள் அலறினாள். சுவருக்கு மேல் தலைகள் முளைத்தன. சம்பந்தியம்மா, பேச்சியம்மாள், கொஞ்சம் தள்ளி, பெட்டியின் கைப்பிடியை விடாமல், கலா.

மாப்பிள்ளைதான் முதலில் ஓடிவந்தார், பக்கவாட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு, முள்ளையும் பாராமல். "ஐயய்யோ, மாமா, பாத்து, பாத்து. கையக் குடுங்க" என்று குனிந்து கையை நீட்டினார். தவசிலிங்கம் அந்தக் கையைப் பார்த்தார். லென்ஸ் இல்லாமல் வெறுங்கண்ணால்தான் பார்த்தார், ஆனாலும் தெளிவாகத் தெரிந்தது. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. கல்யாணத்துக்கு இவர் போட்ட மோதிரம் இருந்தது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தோல் மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. சோப்பு வாசனையும் அதற்கு அடியில் புகை வாசனையும் வந்தன. பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை தூக்கினார், நல்ல பலம், ஒரே இழுப்பில் நிறுத்திவிட்டார். "அடி ஒண்ணும் படலயே மாமா?" என்றபடி கையை எடுத்துக்கொள்ளப் பார்த்தார். தவசிலிங்கம் விடவில்லை. இரண்டு கையாலும் பற்றி, உள்ளங்கையை மேலே திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தார். அந்தத் தெருவுக்கே கேட்கிற குரல் தனக்கு இருக்கிறது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"என் பிள்ளைக்குச் சூடு வச்சது இந்தக் கையா, மாப்ள?"

மாப்பிள்ளை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கையை இழுத்தார், திருகினார், "என்ன மாமா, விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றார். பாக்கட்டும் என்பது போலத் தவசிலிங்கம் இன்னும் இறுக்கிப் பிடித்தார். சுவருக்கு அந்தப்பக்கம், பெட்டியை மறுபடி வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.